ஒரு நாள் தோரணமும் தலைமுறைச் சங்கும்

சோழியைக் கோக்க வேண்டுமானால் முதலில் அதன் முதுகை எடுக்க வேண்டும். ராமேஸ்வரத்தில் சோழி வேலை நடக்கும் இடத்தில் கொஞ்ச நேரம் பக்கத்தில் நின்று பார்த்தால்தான் இது எத்தனை நுணுக்கமான காரியம் என்று புரிகிறது. சாணைக்கல் சுற்றிக்கொண்டே இருக்கிறது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இடுக்கிய சோழியின் மேடான பக்கம் கல்லில் படுகிறது. அழுத்தம் கூடினால் ஓடு நொறுங்கும், குறைந்தால் விளிம்பு பிசிறடிக்கும். சரியாகப் பிடித்தால் சில நொடிகளில் முதுகு கரைந்து, பல்வரிசை தெரியும் வாய்ப்பக்கம் மட்டும் தட்டையாக மிஞ்சும். அப்போதுதான் அது துணியில் தைத்தாலும் பலகையில் பதித்தாலும் படிந்து உட்காரும். தேய்க்கிறவரின் நகக்கண்ணிலும் புருவத்திலும் வெள்ளைத் தூள் படிகிறது, மூச்சோடு உள்ளேயும் போகிறது. ஒரு வாசல் தோரணத்துக்கு இப்படி நூற்றுக்கணக்கில் வேண்டும். தேய்த்தவற்றைப் பெண்கள் அளவு பார்த்துப் பிரித்து, நைலான் நூலில் கோத்து, இரண்டு சோழிக்கு நடுவில் ஒரு மணி விட்டு முடிச்சுப் போடுகிறார்கள். ஒவ்வொரு சோழிக்கும் தனி முடிச்சு. ஒன்று அறுந்தாலும் மற்றவை சிதறாது.

இந்த முடிச்சிலிருந்துதான் நான் சொல்ல வந்தது தொடங்குகிறது. ராமேஸ்வரம் கடைத்தெருவில் தொங்கும் பொருள்களையும், காரைக்குடி பழம்பொருள் கடைகளில் அடுக்கியிருக்கும் பொருள்களையும் அடுத்தடுத்துப் பார்த்தபோது ஒன்று உறுதியாயிற்று. சங்கும் சிப்பியும் சோழியும் வீட்டுக்கு அழகு சேர்ப்பது, அவை பழம்பொருளாக வாழ இடம் கிடைக்கும்போதுதான். கல்யாணத்துக்கும் பிறந்தநாளுக்கும் ஒரே நாள் அலங்காரமாக வாங்கி, மறுநாள் மண்டபத்துக் குப்பையோடு தள்ளும் பழக்கம் கடலையும் சுரண்டுகிறது, கைவேலைக்காரரின் கூலியையும் தாழ்த்துகிறது. அவர் வேலையில் நீடித்து நிற்கும் பகுதி எதுவோ அதற்குத்தான் நாம் பணம் கொடுக்க வேண்டும்.

சங்கை நெடுநாள் வைத்திருக்கும் பொருளாகப் பார்ப்பது நமக்குப் புதிதில்லை. பழந்தமிழில் 'வளை' என்றால் சங்கு, வளை என்றால் கையில் போடுவதும்தான். இரண்டுக்கும் ஒரே சொல் போதுமானதாக இருந்தது, ஏனென்றால் சங்கை அறுத்தால் கிடைப்பது வளையல். கொற்கையிலும் கீழடியிலும் சங்கு வளையல் துண்டுகள் அகழாய்வில் கிடைத்திருக்கின்றன. வேள்வி செய்யாத பார்ப்பான் ஒருவன் வாளால் சங்கறுத்து வளை செய்ததை அகநானூற்றின் 24-ஆம் பாட்டு போகிற போக்கில் குறிப்பிடுகிறது. அதற்கும் முன்னால், சிந்துவெளி நாகரிகக் காலத்தில் குஜராத் கடலோரத்து நாகேஷ்வரில் இதே இனச் சங்கை அறுத்த பட்டறைகள் இருந்தன. மன்னார் வளைகுடாச் சங்கு வங்காளத்துக்குப் போவது இன்றும் நிற்கவில்லை. அங்கே கல்யாணமான இந்துப் பெண்கள் வெள்ளைச் சங்கு வளையலைச் சிவப்புப் பவள நிற வளையலோடு சேர்த்துப் போடுகிறார்கள். பாங்குரா மாவட்டத்து விஷ்ணுபூரில் அதில் பூவும் மீனும் செதுக்கும் குடும்பங்கள் உண்டு. மதராஸ் மாகாண மீன்வளத் துறையில் இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் 1914-இல் இந்தியச் சங்கைப் பற்றி ஒரு தனி நூலே எழுதினார். கடலடியிலிருந்து டாக்காவின் சங்கறுப்போரான சங்காரிகளின் வாள் வரைக்கும் அதில் உண்டு. இந்த நீண்ட வணிகம் முழுதும், அணிகிறவர் பல வருஷம் கையோடு வைத்திருக்கும் ஒரு பொருளை நம்பியே நடந்தது. ஒரு நாள் கூத்துக்காக யாரும் சங்கறுக்கவில்லை.

வீட்டுக்குள்ளும் அப்படித்தான். பச்சைக் குழந்தைக்குப் பால் புகட்டும் சங்கு மூத்த பிள்ளைக்கு வாங்கியது, கடைசிப் பிள்ளைக்கும் வரும், அப்புறம் பேரனுக்கும் வரும். பல்லாங்குழிச் சோழியைப் பாட்டி சுருக்குப் பையில் போட்டு வைத்திருப்பார். கார்த்திகைச் சோமவாரத்தில் சிவன் கோயில்களில் 108, 1008 என்று சங்காபிஷேகம் நடக்கிறது. அந்தச் சங்குகளை வருஷத்துக்கு வருஷம் புதிதாக வாங்குவதில்லை. கழுவித் துடைத்து எடுத்து வைத்து, அடுத்த கார்த்திகைக்கு மறுபடி அடுக்குகிறார்கள். செட்டிநாட்டு வீடுகளில் கண்ணாடிபோல் மின்னும் சுவர்ப் பூச்சு இருக்கிறதே, அதுவும் கிளிஞ்சலைச் சுட்ட சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்ந்ததுதான். அந்தச் சுவரில் கடல் கண்ணுக்குத் தெரியாமல் நூறு வருஷம் தாண்டி நிற்கிறது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் அந்த வீடுகளிலிருந்து வந்த எனாமல் பாத்திரங்களும் ரவிவர்மா படங்களும் மணிவேலைச் சித்திரங்களும் தேக்குத் தூண்களும் விற்பனைக்கு நிற்கின்றன. மணிவேலைச் சித்திரத்தைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்க வேண்டும். பின்பக்கத்துத் துணி இற்றுப் போயிருக்கும், ஆனால் மணிகள் நூலில் அப்படியே இருக்கும். தெரிந்தவர் கையில் கொடுத்தால் புதுத் துணியில் ஏற்றித் தந்துவிடுவார். ஒன்று பழம்பொருளாகிறதா குப்பையாகிறதா என்பது பெரும்பாலும் அதைப் பழுது பார்க்க முடியுமா என்பதில்தான் இருக்கிறது.

சங்கின் உடம்பே இதற்குச் சாட்சி சொல்கிறது. ஓடு என்பது சுண்ணாம்புச் சத்து, அமிலம் பட்டால் கரையும். காற்றுப் போகாத மர அலமாரியில் பல வருஷம் பூட்டி வைத்த சிப்பிச் சேகரிப்புகளின் மேல் வெள்ளையாகப் பொடி பூத்து, பளபளப்பு போய், பூ வேலைகள் அரித்துப் போவதை அருங்காட்சியகக்காரர்கள் நெடுங்காலமாக அறிவார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் இதை எழுதிய பைன் என்பவரின் பெயரால் இதைப் 'பைன் நோய்' என்கிறார்கள். அவர் கிருமி என்று நினைத்தார். மரம் விடும் அசெட்டிக் அமில ஆவி, ஈரப்பதத்தோடு சேர்ந்து சுண்ணாம்பைத் தின்கிறது என்பது பிறகு தெரிந்தது. ஆகவே, பாட்டி காலத்துச் சங்கைப் பெட்டிக்குள் பூட்டிக் காப்பாற்றிவிட்டோம் என்று நினைப்பது ஓரளவுக்குத் தவறு. பூஜையில் எடுத்து ஊதி, கழுவி, துடைத்து, காற்றுப் படும் மாடத்தில் திரும்ப வைக்கும் சங்கு, தேக்குப் பெட்டிக்குள் அடைந்து கிடப்பதைவிட நலமாக இருக்க இடமுண்டு. புழங்குவதே அதற்குப் பாதுகாப்பு.

இப்போது விழா அலங்காரத்துக்கு வருகிறேன். கடற்கரைக் கல்யாணம் என்ற மோஸ்தர் பரவியதிலிருந்து மேடைக்குப் பின்னால் சிப்பித் திரை, நுழைவாயிலில் சங்குத் தோரணம், மேசைக்கு மேசை கண்ணாடிக் கிண்ணத்தில் மணலும் சிப்பியும் என்று கேட்கிறார்கள். டெக்கரேஷன்காரர் இவற்றை ஓர் இரவில் நிறுத்த வேண்டும், ஓர் இரவில் பிரிக்க வேண்டும். நூலில் கோக்க நேரமேது? தெர்மாகோலில் குளூ கன்னால் ஒட்டுகிறார்கள். அங்கேதான் பொருளின் விதி எழுதப்பட்டுவிடுகிறது. நூலில் கோத்த சோழியை அவிழ்க்கலாம். உடைந்ததை எடுத்துவிட்டு வேறொன்று கோக்கலாம். சூட்டுப் பசையில் தெர்மாகோலோடு ஒட்டிய சிப்பியைப் பிய்த்தால் ஓடு தெறிக்கும், இல்லையென்றால் தெர்மாகோல் துண்டும் கூடவே வரும். விடிந்ததும் அது லாரியில் ஏறுகிறது. அந்தச் சிப்பிக்குப் பின்னால் ஒரு கடல் உயிர் இருக்கிறது. அதன் தோலை உரிக்க ஆசிட் தொட்டிக்குப் பக்கத்தில் கண்ணெரிய நின்ற ஒருவர் இருக்கிறார். இரண்டையும் ஒரு சாயங்காலத்துக்குச் செலவழிப்பது எனக்கு நியாயமாகத் தெரியவில்லை.

இதைச் சொன்னவுடன் வரும் முதல் கேள்வி, வாங்குவது குறைந்தால் கைவேலைக்காரர்கள் சாப்பாட்டுக்கு என்ன செய்வார்கள் என்பது. லேசாக ஒதுக்கிவிடக்கூடிய கேள்வி இல்லை இது. கடலுக்குப் போக முடியாத நாள்களிலும் அவர்கள் வீட்டில் அடுப்பெரிவது இந்த வேலையால்தான். ஆனால் அவர்களுக்குக் கூலி எப்படி வருகிறது என்று பாருங்கள். பீஸுக்கு இவ்வளவு என்று வியாபாரி பேசுகிறார். எறியப் போகும் பொருளில் முடிச்சு உறுதியா என்று யாரும் பார்ப்பதில்லை. எத்தனை உருப்படி முடிந்தது என்றுதான் எண்ணுகிறார்கள். அதனால் இருபது வருஷம் சோழி தேய்த்த கைக்கும் நேற்று வந்த கைக்கும் ஒரே விலை. திறமைக்கு விலை இல்லாத இடத்தில் தொழில் பெருகினாலும் தொழிலாளி உயரமாட்டார். குத்துவிளக்கு, ஜமக்காளம், அண்டா, குண்டான் எல்லாம் வாடகைக்கு எடுத்துக் கல்யாணம் செய்தவர்கள் நாம். சங்குத் தோரணமும் சோழித் திரையும் அப்படியே வாடகைக்கு வரலாம். நூலில் கோத்து, மரச்சட்டத்தில் கட்டியது என்றால் நூறு மேடை பார்க்கும். ஒவ்வொரு மேடைக்குப் பிறகும் நூல் மாற்ற, துடைக்க, உடைந்ததை எடுத்துப் புதிது கோக்க ஆள் வேண்டும். பொருள் ஒரு தடவை விற்பதோடு முடிகிற வருமானம், வருஷம் முழுதும் திரும்பி வரும் பராமரிப்புக் கூலியாகும். அந்தக் கூலி பட்டறைக்குப் போகும்படி ஒப்பந்தம் இருக்க வேண்டும். மண்டபத்து இடைத்தரகரே எடுத்துக்கொண்டால் நான் சொல்வது பலிக்காது. நடப்பது சுலபம் என்று சொல்லமாட்டேன், இப்போதைய ஏற்பாட்டைவிட நேர்மையானது என்று மட்டும் சொல்வேன்.

இதற்கு நேர் எதிரான குரல் ஒன்றும் உண்டு: கடலிலிருந்து எதையும் எடுக்கவே வேண்டாம், சிப்பி அலங்காரம் முழுவதையும் நிறுத்திவிட வேண்டும் என்பது. அதன் கவலையை முழுமையாக மதிக்கிறேன். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986-இல் கடல் தேசியப் பூங்காவாயின. 2001-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப் பட்டியல்களில் 24 வகை மெல்லுடலிகள் சேர்க்கப்பட்டன. நாட்டிலஸ், டிரைட்டன் சங்கு, சில பெருஞ்சிப்பிகள், கோவாவின் பழைய வீட்டு ஜன்னல்களில் கண்ணாடிக்குப் பதிலாகப் பதித்த ஒளிபுகும் சிப்பி ஆகியவை அதில் அடங்கும். கரையில் சும்மா கிடக்கும் ஓட்டைப் பொறுக்குவதில் என்ன கெடுதி என்பவர்களுக்கு ஸ்பெயினில் கிடைத்த ஒரு பதில் உண்டு. அங்கே யார்கா கடற்கரையில் முப்பது வருஷ இடைவெளியில் எண்ணிப் பார்த்தபோது, சுற்றுலாப் பயணிகள் ஏறக்குறைய மூன்று மடங்காகியிருந்தார்கள், சிப்பி ஓடுகள் பாதிக்கும் கீழே போயிருந்தன. செத்த ஓடும் துறவி நண்டுக்கு வீடு, மணலுக்குப் பிடிப்பு. ஆனாலும் முழுத் தடையை என்னால் ஏற்க முடியவில்லை. நம் சங்கு அந்தப் பட்டியலில் இல்லை. அதன் கறியைத் தின்கிறார்கள், மூடியும் விலை போகிறது, ஓடு கடைசியில் பட்டறைக்கு வருகிறது. அரசே சங்கு குளிப்பை நடத்திய காலத்தில் 57 மில்லிமீட்டர் விட்டத்துக்குக் குறைந்த சங்கைக் கடலிலேயே திருப்பி விட வேண்டும் என்று விதி இருந்தது. மூழ்கி எடுப்பவர் கையால் தேர்ந்தெடுக்கிறார், அதனால் அப்படி ஒரு விதி சாத்தியம். அளவறிந்து எடுக்கும் மரபு ஏற்கெனவே உள்ள தொழிலை அடியோடு மூடுவதைவிட, குறைவாக எடுத்ததை நெடுநாள் வைத்திருக்கும் வழி சரியானது. கோவா ஜன்னல் இதற்கு நல்ல உதாரணம். புதிதாக அந்தச் சிப்பியை எடுக்க முடியாது என்ற நிலையில், இருக்கிற பழைய சில்லுகளைக் கழற்றித் துடைத்து மறுபடி பொருத்துகிறவர்தான் அந்த அழகைக் காப்பாற்ற முடியும்.

பிளாஸ்டிக்கிலும் ரெசினிலும் சிப்பி வார்த்துக்கொள்ளலாமே என்பவர்களுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அது கடலிலிருந்து வராவிட்டாலும் ஒரு நாள் கடலுக்குத்தான் போகும்.

விலை கட்டுமா என்பதுதான் உண்மையில் இடறுகிற இடம். நல்ல முடிச்சுப் போட்ட சோழித் தோரணம், ஒட்டுத் தோரணத்தைவிடக் கண்டிப்பாக விலை கூடும், கூட வேண்டும். ஆனால் வீட்டுக்கு ஒன்று போதும். பொங்கலுக்கு வாசலில், வளைகாப்பில் மணைக்குப் பின்னால், பிள்ளையின் பிறந்தநாளில் கூடத்தில் என்று ஒரே தோரணம் இடம் மாறித் தொங்கலாம். கடையில் நிற்கும்போது அதைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். பசைக் கோடு தெரிகிறதா, நூல் தெரிகிறதா என்று கேளுங்கள். நூல் என்றால் ஒரு சோழியை மெல்ல இழுத்துப் பார்த்து, அறுந்தால் எங்கே கொண்டுவந்து கொடுக்க வேண்டும் என்றும் கேட்டுவிடுங்கள். கோத்தவருக்குத்தான் அந்தப் பதில் தெரியும். பழைய தோரணம் பட்டறைக்குத் திரும்பி வந்தால் அவர் முதலில் பார்ப்பது நிறத்தை. பல வருஷம் புழங்கிய சோழி பழுத்த தந்தத்தின் நிறத்தில் இருக்கும், புதுச் சோழி பால் வெள்ளை. இரண்டையும் அப்படியே பக்கத்தில் வைத்தால் ஒட்டுப்போட்டது போலத் தெரியும். அதனால் முழுச் சரத்தையும் அவிழ்த்து, பழையது மூன்று, புதியது ஒன்று என்று கலந்து, நடுவில் மணி விட்டு, ஒவ்வொன்றுக்கும் தனி முடிச்சாகத் திரும்பக் கோக்க வேண்டியிருக்கிறது.