பழி ஓரிடம், பிழை ஓரிடம்

திண்டுக்கல் என்றதும் பூட்டு நினைவுக்கு வருவது இயல்பு. பூட்டுச் செய்யும் ஊரில் வளர்ந்தவர்களிடம் ஒரு நற்பழக்கம் உண்டு. பூட்டுத் திறக்க மறுத்தால் உடனே சுத்தியலைத் தேடமாட்டார்கள். சாவியைத் துடைத்து மீண்டும் ஒருமுறை மெல்லப் போட்டுப் பார்ப்பார்கள். அந்தப் பொறுமையைப் பழைய டீசல் வண்டி ஒன்றின் செய்தியில் நாம் இழந்தோம். அதனால் நல்லவர் ஒருவரைப் புண்படுத்தினோம். அந்நிகழ்ச்சியை மாணவச் செல்வங்களின் முன் வைப்பது நம் கடமை எனக் கருதுகிறோம்.

நம் அத்தா காய்கறி வணிகர். பொழுது புலருமுன் நம் பிக்கப் வண்டி பழனிச் சாலையில் ஒட்டன்சத்திரம் சந்தைக்குப் போய்ச் சரக்கேற்றித் திரும்பும். அதைப் பன்னிரண்டு ஆண்டுகளாக ஓட்டிவந்தவரை நாம் 'அண்ணன்' என்றே அழைப்போம். அவர் ஓட்டிய வண்டி ஒருநாளும் சந்தைக்குப் பிந்தியதில்லை.

2011ஆம் ஆண்டு மழைக்காலத்தில் வண்டிக்கு நோய் கண்டது. காலையில் நெடுநேரம் சாவியைத் திருகினால்தான் எந்திரம் உயிர்பெறும். நின்ற நிலையில் ஐட்லிங் ஒரே சீராக இராது. மலைக்கோட்டைப் படியேறி மூச்சு வாங்குபவரைப்போல ஒலி உயர்ந்து தாழ்ந்து, தாழ்ந்து உயரும். சில வேளைகளில் அப்படியே நின்றுவிடும். சாலையில் விரைந்து ஓடும்போதோ குறை அவ்வளவாகத் தெரியாது.

ஒரு பட்டறையில் டீசல் பம்ப்பையே கழற்றிப் பழுதுபார்க்க வேண்டும் என்றனர். அவர்கள் கேட்ட தொகை, தங்கையின் கல்லூரிக் கட்டணத்திற்கென அத்தா ஒதுக்கியிருந்த தொகைக்கு ஏறத்தாழச் சமம். வேறிடத்தில் நாசில் கெட்டுவிட்டது என்றனர். வீட்டுக்கு வந்த உறவினர் ஒருவரோ, "டீசலை விற்றுவிட்டு மண்ணெண்ணெய் கலக்கிறார்களோ என்னவோ! ஓட்டுநரை விசாரித்தீர்களா?" என்றார்.

விசாரித்தோம். அன்று மாலை அண்ணன் சரக்கிறக்கி வந்ததும், "டீசல் எங்கே போட்டீர்கள்? ரசீது உண்டா?" என்று நாமே கேட்டோம். பன்னிரண்டு ஆண்டுகளில் கேளாத கேள்வி. அவர் சட்டைப்பையிலிருந்த ரசீதுகளையும் வண்டிச் சாவியையும் மேசைமேல் வைத்தார். "வருகிறேன் தம்பி" என்றார். மறுநாள் வரவில்லை.

அதன்பின் பேகம்பூரில் இருந்த முதிய மேஸ்திரி ஒருவரை அழைத்துவந்தோம். அவர் முதலில் கருவி எதையும் எடுக்கவில்லை. கால்மணி நேரம் எந்திரத்தின் ஒலியைக் கேட்டபடி இருந்தார். பின்னர், "ஒரு நாசில் கெட்டால் வண்டி ஒரே மாதிரி நொண்டும். இது நொண்டவில்லை, ஏறி இறங்குகிறது. கவர்னர் எதையோ துரத்துகிறது" என்றார்.

அவர் சொன்னதன் பொருள் இது. டீசல் எந்திரத்தில் தீப்பொறி இல்லை. அழுத்தத்தால் கொதிக்கும் காற்றில் டீசலைப் பீச்சியடித்தே எரியவைக்கிறார்கள். ருடால்ஃப் டீசல் 1897இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் வெற்றிகண்ட முறை இதுவே. பீச்சும் டீசலின் அளவே இதன் வேகத்தைத் தீர்மானிக்கிறது. அவ்வளவைக் காப்பது கவர்னர். சுழலும் எடைகளைக் கொண்டு வேகத்தைக் காக்கும் இவ்வமைப்பை ஜேம்ஸ் வாட் 1788இல் நீராவி எந்திரத்தில் பொருத்தினார். வேகம் குறைந்தால் கவர்னர் டீசலைக் கூட்டும், மிகுந்தால் குறைக்கும். டீசலோடு காற்றுக் குமிழி வந்தால் வேகம் தாழும். கவர்னர் டீசலைக் கூட்டும். அதற்குள் குமிழி கடந்துபோக, வேகம் எகிறும். உடனே கவர்னர் குறைக்கும். இந்த ஊசலாட்டம் ஓயாது. கவர்னர் எப்போது நிலைகொள்ளும், எப்போது ஊசலாடும் என்பதை மாக்ஸ்வெல் என்னும் அறிவியலார் 1868இலேயே கணக்கிட்டு எழுதினார்.

மேஸ்திரி ஒவ்வொன்றாகச் சோதித்தார். நாசில் குழாய்களின் நட்டுகளை ஒவ்வொன்றாகச் சிறிது தளர்த்தினார். நான்கிலும் எந்திரம் ஒரே அளவில் தளர்ந்தது. எனவே நாசில்கள் குற்றமற்றவை. தொட்டியிலிருந்து டீசலைக் கண்ணாடிப் புட்டியில் பிடித்து நெடுநேரம் வைத்துப் பார்த்தார். நீரோ கசடோ அடியில் தங்கவில்லை. மண்ணெண்ணெய் வாடையும் இல்லை. அந்த டீசலையே ஒரு கேனில் ஊற்றி, உயரத்தில் வைத்து, நேரே பம்ப்புக்குக் குழாய் கொடுத்தார். எந்திரம் அமைதியாக ஓடியது! பம்ப்பும் குற்றமற்றது, டீசலும் குற்றமற்றது.

மீண்டும் பழையபடி இணைத்து, தொட்டிக்கும் ஃபில்டருக்கும் இடையே ஒளி ஊடுருவும் குழாயைப் பொருத்தினார். குமிழி இல்லை. ஃபில்டருக்கும் பம்ப்புக்கும் இடையே பொருத்தினார். முத்துச் சரம்போலக் குமிழிகள் ஓடின. எங்கும் ஒரு சொட்டு டீசலும் கசியவில்லையே என்று வியந்தோம். "இந்த வண்டியில் பம்ப்தான் டீசலை உறிஞ்சுகிறது. உறிஞ்சும் பாதையில் ஓட்டை விழுந்தால் டீசல் வெளியே வராது. காற்று உள்ளே போகும். வண்டி நின்ற இரவில் டீசல் பின்வாங்கிவிடும். காலையில் கிளம்பாததும் அதனால்தான்" என்றார்.

ஃபில்டரின் போல்ட்டைக் கழற்றினார். அதன் செம்பு வாஷர் நசுங்கி வரிவிழுந்திருந்தது. "புது ஃபில்டர் போட்டிருக்கிறது, வாஷர் மட்டும் பழையது. கடைசியாக இதைக் கழற்றியவர் யார்?" என்று கேட்டார்.

நாம் தலைகுனிந்தோம். பத்து நாள்களுக்கு முன் ஒரு விடுமுறையில், கூலி மிச்சமாகும் என்று ஃபில்டரை மாற்றியவர் நாமேதாம். பழைய வாஷரே போதும் என்று முடிவு செய்தவரும் நாமேதாம். சில ரூபாயில் புதிய வாஷர் வந்தது. கைப்பம்ப்பை அழுத்திக் காற்றை வெளியேற்றினார் மேஸ்திரி. வண்டி பழைய குரலில் பேசியது.

திருக்குறளின் 'மருந்து' அதிகாரத்தை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துபவர் நாம். நோய் இன்னதென்றும் அதன் காரணம் இன்னதென்றும் ஆராய்ந்த பின்பே மருத்துவம் செய்யவேண்டும் என்று விளக்குபவர் நாம். அக்குறளின்படி நடந்தவர், பள்ளிப்படிப்பை முடிக்காத அந்த மேஸ்திரியே.

அன்று மாலையே அத்தாவுடன் அண்ணன் வீட்டுக்குச் சென்றோம். நடந்ததை மறைக்காமல் சொல்லி மன்னிப்புக் கேட்டோம். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "வண்டியைச் சந்தேகப்படுங்கள் தம்பி, அது தாங்கும்" என்றார். இரண்டு நாள் கழித்துப் பணிக்கு வந்தார். ஆனால் அன்றுமுதல் ஒவ்வொரு டீசல் ரசீதையும் கேளாமலே மேசைமேல் வைக்கலானார். அது நமக்குத் தண்டனையாகவே இருந்தது.

இன்றைய வண்டிகளில் கணினியே டீசலை அளக்கிறது. அவற்றின் குழாய் அழுத்தம் வளிமண்டலத்தைப்போல் ஆயிரம் மடங்கையும் கடக்கக்கூடும். எனவே நட்டைத் தளர்த்திப் பார்க்கும் பழைய முறையை அங்கே கையாளலாகாது. ஆயினும் எளியதை முதலில் பார்ப்பதும், ஒவ்வொன்றாக விலக்குவதும், கடைசியாகக் கைவைத்தவரைக் கேட்பதும் இன்றும் மாறாத முறைகளே.

மாணவ நண்பர்களே! பழுது நேர்ந்த இடத்தில் பிறரைச் சுட்டுமுன், அங்கே கடைசியாகப் பட்டது நம் கையா என்று எண்ணிப் பாருங்கள். வாஷரைச் சில ரூபாயில் மாற்றிவிட்டோம். மேசைமேல் சேரும் ரசீதுகளை நிறுத்தும் வழி மட்டும் நமக்குத் தெரியவில்லை.