ஆட்டுக்கடாவின் பெயரில் ஒரு தவறணை

தவறணை என்ற சொல்லைக் கேட்டதும் நம்மவர் முகஞ் சுளிப்பது இயல்பு. எனினும், அமெரிக்காவின் சிக்காகோ மாநகரிலுள்ள தவறணையொன்றின் வரலாறு மாணவரும் அறிதற்குரியது. அதன் பெயர் 'பில்லி கோற்'. ஆட்டுக்கடா என்பது பொருள்.

அந்நகரின் மிச்சிகன் பெருவீதி, ஒன்றன்மேல் ஒன்றாய் இரு தட்டுகளாக அமைந்தது. மேல்வீதியில் வானளாவிய மாளிகைகள் மிளிர்கின்றன. படிகளில் இறங்கினால், வெயில் படாத கீழ்வீதியில் இத்தவறணையைக் காணலாம். சுடுதட்டில் பொரியும் இறைச்சியின் மணம் நம்மை எதிர்கொள்ளும். மெல்லிய இறைச்சித் தட்டையைப் பாற்கட்டியுடன் பணிசினுள் வைத்துத் தருவர், இதுவே பேர்கர். வெங்காயத்தையும் ஊறவைத்த வெள்ளரிக்காயையும் நாமே இட்டுக்கொள்ளவேண்டும். உடன் அருந்தப் பியரும் உண்டு.

கிரேக்க தேசத்திலிருந்து குடியேறிய வில்லியம் சியானிஸ், 1934 இல் நகரின் வேறொரு பகுதியில் இதனைத் தொடங்கினார். 1964 இல் இது இவ்விடம் பெயர்ந்தது. அயலில் பெரும் பத்திரிகை நிலையங்கள் இருந்தமையால் அச்சுத் தொழிலாளரும் நிருபரும் ஒருங்கே வந்து பசியாறினர். சுவரெங்கும் பத்திரிகையாளரின் பெயர்களும் படங்களும் நிறைந்தன.

1945 இல் சிக்காகோ கப்ஸ் அணி பேஸ்போல் உலகத் தொடரில் ஆடியபோது, சியானிஸ் தம் ஆட்டுக்கும் சீட்டு வாங்கி மைதானஞ் சென்றார். ஆட்டுக்கு இடம் மறுக்கப்படவே அவர் சபித்தார் என்பது கதை. கப்ஸ் தோற்றது. 2016 வரை அதற்கு அவ்வெற்றி கிட்டவில்லை. எல்லாம் ஆட்டின் சாபமே என ஊர் பேசிற்று. தவறணையின் புகழும் வளர்ந்தது.

அங்கு நெடுங்காலம் வந்துசென்ற பத்தி எழுத்தாளர் மைக் றோய்கோ, 1997 மார்ச்சில் வெளியான தம் இறுதிப் பத்தியில் இக்கதையை மறுத்தார். கறுப்பின வீரரைச் சேர்க்காது காலங்கடத்திய அணி உரிமையாளர் றிக்லியே தோல்விகளுக்குக் காரணம் என்றார். ஜக்கி றொபின்சன் என்னும் கறுப்பின வீரர் 1947 இலேயே புறூக்ளின் அணியில் ஆடினார். கப்ஸ் அணியிலோ 1953 வரை அவ்வினத்தார் எவரும் ஆடவில்லை. மறுமாதம் றோய்கோ காலமானார்.

பத்திரிகை நிலையங்கள் இன்று அவ்வயலை விட்டு அகன்றுவிட்டன, தவறணை நிலைத்திருக்கின்றது. மனிதர் இழைத்த தீங்கை ஒரு வாயில்லாப் பிராணியின்மேல் சுமத்துதல் எளிது. தாம் உண்டு களித்த இடத்துக்குப் புகழ் சேர்த்த கதையையே மறுத்துரைக்க நெஞ்சுரம் வேண்டும் அன்றோ? அத்தகைய ஒருவரின் நினைவைப் போற்றும் சுவர், கீழ்வீதித் தவறணையில் இருந்தாலும், நாம் நின்று நோக்கத் தக்கதே.