தலச்சேரி கேக்கும் நம் தோப்பில் அழுகும் முந்திரிப்பழமும்

டிசம்பர் மாதம். விழுப்புரத்தில் மங்களூர் ரயிலேறி, தலச்சேரியில் இறங்கினேன். கண்ணூரில் தங்கச்சி வீடு. "வரும்போது தலச்சேரியில இறங்கி கேக் வாங்கிட்டு வாண்ணா. இந்தியாவிலேயே முதல் கிறிஸ்துமஸ் கேக் அங்கதான் செஞ்சாங்களாம்" என்று போனில் சொல்லியிருந்தாள். கேக் வாங்கத்தான் இறங்கினேன். ஆனால், பண்ருட்டிப் பக்கத்து முந்திரி விவசாயியான எனக்கு, அந்த ஊரில் வேறு ஒரு சேதியும் கிடைத்தது.

பேக்கரி வாசலிலேயே பட்டை, கிராம்பு வாசனை தூக்கியது. கல்லாவில் இருந்த பெரியவர், தமிழும் மலையாளமும் கலந்து கதையைச் சொன்னார்.

பர்மாவில் பிஸ்கட் தொழில் பழகி வந்த மம்பள்ளி பாப்பு, 1880-ல் இங்கே 'ராயல் பிஸ்கட் ஃபேக்டரி'யைத் தொடங்கினார். பக்கத்தில் அஞ்சரக்கண்டியில் வெள்ளைக்காரர்களின் பெரிய பட்டைத் தோட்டம். அதன் முதலாளி பிரவுன் துரை, 1883-ல் இங்கிலாந்திலிருந்து வந்த பிளம் கேக் ஒன்றைக் கொண்டுவந்து, "இதே மாதிரி செய்ய முடியுமா?" என்று கேட்டாராம். பக்குவத்தைச் சொல்லி, பேரீச்சை, திராட்சையும் கொடுத்தார். பிரெஞ்சுக்காரர்களிடம் இருந்த மாஹியிலிருந்து பிராந்தி வாங்கிச் சேர்க்கச் சொன்னார்.

பாப்பு மாஹிக்குப் போகவில்லை. தர்மடத்துக் கொல்லரிடம் கேக் அச்சு அடித்து வாங்கினார். பிராந்திக்குப் பதிலாக, முந்திரிப்பழத்தையும் கதளி வாழைப்பழத்தையும் புளிக்க வைத்து இறக்கிய உள்ளூர்ச் சரக்கைச் சேர்த்தார். உள்ளூர் மசாலாவும் சேர்ந்தது. ருசி பார்த்த துரை, இன்னும் 12 கேக் வேண்டும் என்று கேட்டாராம்.

கையில் இருந்த கேக் துண்டு அப்படியே நின்றுவிட்டது. முந்திரிப்பழமா?

தானே புயலில் சாய்ந்த தோப்பை மறுபடியும் நட்டு வளர்த்தவன் நான். பங்குனி, சித்திரையில் கொட்டையைத் திருகி எடுத்துவிட்டு, அதைவிடப் பல மடங்கு எடையுள்ள பழத்தை மரத்தடியிலேயே விட்டுவிடுவோம். ஈ மொய்த்து அழுகும். கொட்டை விலை விழும் வருஷங்களில் கூலிக்கே தட்டுப்பாடு. அப்போதும் அந்தப் பழத்தைத் திரும்பிப் பார்த்ததில்லை.

அனுமதியில்லாமல் சரக்கு இறக்குவது குற்றம்; நமக்கு அது வேண்டாம். ஆனால், சாறு பிழியலாமே! தொண்டையைக் காறுகிறதே என்றால், அதற்கும் கேரள வேளாண் பல்கலைக்கழகம் வழி சொல்கிறது. ஒரு லிட்டர் சாறுக்கு 5 கிராம் ஜவ்வரிசியைப் பொடித்து, கொஞ்சம் தண்ணீரில் கஞ்சியாகக் காய்ச்சி, ஆறியதும் சாறில் கலந்து வைத்தால், காறலுக்குக் காரணமான துவர்ப்புப் பொருள் அடியில் படிந்துவிடும். மேலே தெளிந்ததை வடித்துக்கொள்ளலாம். பழம் அன்றன்றைக்கு விழுந்ததாக, அடிபடாததாக இருக்க வேண்டும். ஆரஞ்சைவிட வைட்டமின் சி அதிகம் உள்ள சாறு இது. விற்பதென்றால், உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்ள வேண்டும்.

தங்கச்சி வீட்டில் கேக்கை வெட்டியபோது, இதைச் சொன்னேன். "அம்மா இருந்திருந்தா, முதல் குடம் சாறு அவங்கதான் பிழிஞ்சிருப்பாங்க" என்றாள்.

வருகிற பங்குனியில் பத்து மரத்துப் பழத்தை மட்டும் தனியே பொறுக்கி, பிழிந்து பார்க்கப்போகிறேன். உங்கள் தோப்பில் யாராவது ஏற்கெனவே செய்திருந்தால், கேள்வி-பதில் பகுதிக்கு எழுதுங்கள். என் முதல் கேள்வி இதுதான்: பிழிந்த சாறு எத்தனை நாள் தாங்கும்?