நட்டைத் தொடுமுன்

இரட்டை கார்புரேட்டர் வண்டி கறுப்புப் புகை தள்ளினால் எல்லாருடைய கையும் முதலில் போவது ஜெட்டுக்கு அடியில் இருக்கும் நட்டுக்குத்தான். பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் இடையே பட்டறைக்கு வரும் பழைய வண்டிகள் பலவற்றில் அந்த நட்டின் முனைகள் மழுங்கிக் கிடக்கும். யாரோ பிளையரால் பிடித்துத் திருகியிருப்பார்கள். ‘ஆசானே, எண்ணெயா குடிச்சுத் தள்ளுது’ என்று வண்டிக்காரர் சொல்வார். அவர் சொல்வது சரி. ஆனால் அந்த எண்ணெய், அதாவது பெட்ரோல், எந்த வழியாக உள்ளே போகிறது என்று பார்க்காமல் நட்டைத் தொடக் கூடாது. இதைத்தான் கற்றுக்கொள்ள வரும் பிள்ளைகளிடம் ஓயாமல் சொல்கிறேன்.

எஸ்யூ கார்புரேட்டர் இந்தப் பக்கத்துக் கைகளுக்குப் புதிதல்ல. பெட்ரோல் அம்பாசிடரின் 1489 சிசி என்ஜின்மேல் ஒற்றை எஸ்யூ உட்கார்ந்திருந்த காலத்திலேயே அதைக் கழற்றிப் பூட்டிப் பழகியவர்கள் நாங்கள். 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தில் செய்த எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் காரின் 1798 சிசி என்ஜினும் அதே பிஎம்சி பி சீரிஸ் குடும்பந்தான். பானட்டைத் திறந்தால் தெரிந்த முகம். கார்புரேட்டர் மட்டும் ஒன்றுக்கு இரண்டு, முற்காலத்து வண்டிகளில் ஹெச்எஸ்4.

இந்த என்ஜினில் நாலு சிலிண்டருக்கும் சேர்த்துக் காற்று போகும் வாய் இரண்டே. முதல் வாய் 1, 2-க்கு. அடுத்தது 3, 4-க்கு. வெடிப்பு வரிசை 1-3-4-2 என்பதால் முன் கார்புரேட்டர் 2, 1 என்று அடுத்தடுத்து இரண்டு இழுப்பு இழுத்துவிட்டுச் சும்மா இருக்கும். அப்போது பின்னது 3, 4 என்று இழுக்கும். இந்தத் தாளம் காதில் ஏறாதவர் இரண்டையும் சமப்படுத்த முடியாது.

புகைக்கு வருவோம். முதலில் சோக். எஸ்யூவில் சோக்கை இழுத்தால் காற்று அடைபடுவதில்லை, ஜெட்டே கீழே இறங்குகிறது. திரும்ப மேலே ஏறாவிட்டால் வண்டி நாள் முழுக்க சோக்கிலேயே ஓடும். பொழியூர் பக்கத்துக் கடற்காற்றில் நிற்கும் வண்டிகளில் கேபிளும் லிங்க்கும் துருப்பிடித்து, ஒரு ஜெட் ஏறி மற்றது பாதியில் நின்றுவிடும். கீழே குனிந்து விரலால் ஜெட்டை மேலே தள்ளிப் பார்த்தால் போதும், தெரிந்துவிடும்.

அடுத்து புளோட். உள்ளே பெட்ரோல் புகுந்து கனத்த புளோட் மிதக்காது. நீடில் வால்வில் தூசி இருந்தால் மூடாது. எப்படியானாலும் பெட்ரோல் மட்டம் உயர்ந்து ஜெட் வழியாக வழியும். புளோட் அறையின் மூடியைக் கவிழ்த்துப் பிடித்து, மூடிக்கும் புளோட்டுக்கும் நடுவே எட்டில் ஒரு அங்குல டிரில் பிட்டைச் செருகிப் பார்ப்பேன். அழுக்கேறிய ஏர் ஃபில்டரும் புகையைக் கூட்டும். கார்புரேட்டர் பிஸ்டனின் நீடில் உரசி உரசி நீள்வட்டமான ஜெட்டை எந்தத் திருகலாலும் சரிசெய்ய முடியாது, மாற்றத்தான் வேண்டும். பிஸ்டனை உயர்த்தி விட்டால் ‘டக்’கென்று ஜெட் இருக்கும் பாலத்தில் விழ வேண்டும். அந்தச் சத்தம் மந்தமாக இருந்தால் ஜெட் நடுவில் இல்லை.

வால்வு இடைவெளி (15 தௌ, அதாவது அங்குலத்தின் ஆயிரத்தில் 15 பங்கு), பாயிண்ட், டைமிங் எல்லாம் சரியாக இருந்தால்தான் கார்புரேட்டரைத் தொடுவதற்குப் பொருள் உண்டு. பிளக் பொறி பலவீனமாக இருந்தாலும் கரி பிடிக்கும். கரியைப் பார்த்த உடனே கார்புரேட்டரைக் குறை சொல்வது அவசரம்.

இனிதான் சமப்படுத்தல். இரண்டு திராட்டிலையும் இணைக்கும் தண்டின் கிளாம்ப்புகளைத் தளர்த்தி, ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதிலும் மறு முனையைக் கார்புரேட்டர் வாயிலும் வைத்து சீறலைக் கேட்கிறேன். காற்று அளக்கும் கருவி கடையில் கிடைக்கிறது, நல்ல கருவிதான். ஆனாலும் குழாயில் கேட்கும்போது தாளமும் சேர்ந்து தெரிவதால் எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது. காற்று சமமான பிறகே கலவை.

இப்போது நட்டு. ஜெட்டைப் பாலத்தோடு மட்டமாக ஏற்றி, இரண்டு முழுச் சுற்று, அதாவது 12 முகம் இறக்கினால் தொடக்கம். பிறகு பக்கத்திலுள்ள தூக்கு ஊசியால் பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக உயர்த்த வேண்டும். வேகம் ஏறி ஏறியபடியே நின்றால் பெட்ரோல் அதிகம். என்ஜின் இருமி நிற்கப் பார்த்தால் குறைவு. லேசாக ஏறி உடனே பழைய இடத்துக்கு வந்தால் சரி. ஒரு தடவைக்கு ஒரு முகத்துக்கு மேல் திருப்புவதில்லை. ஒன்றைத் திருப்பினால் மற்றதையும் மறுபடி பார்க்க வேண்டும், ஏனென்றால் இரண்டையும் இணைக்கும் சமநிலைக் குழாய் ஒன்றின் குறையை மற்றதால் மறைத்துவிடும்.

இன்றைய பெட்ரோலைச் சொல்லாமல் முடியாது. கேரளத்தைவிட விலை குறைவென்று நம் ஆட்கள் களியக்காவிளை தாண்டி தமிழ்நாட்டுப் பக்கம் போய் நிரப்பி வருகிறார்கள். ஆனால் எந்தப் பக்கம் நிரப்பினாலும் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்தான் வருகிறது. சாதாரண பெட்ரோலின் ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று வேண்டும் என்றால் இதற்குச் சுமார் 13.5 போதும். பழைய அளவில் வைத்த ஜெட் இந்தப் பெட்ரோலில் தானாகவே பலவீனக் கலவைதான் கொடுக்கும். அப்படியிருந்தும் ஒரு வண்டி கறுப்புப் புகை விடுகிறதென்றால் எங்கோ பழுது இருக்கிறது என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம். எத்தனால் பழைய ரப்பரையும் கார்க்கையும் ஊறவைத்துச் சிதைக்கும். நீடில் வால்வில் சிக்கும் தூசி பல சமயம் அந்தச் சிதைந்த ஹோஸின் துணுக்குத்தான். ஹோஸை மாற்றாமல் டியூன் செய்து கொடுத்தால் வண்டி அதே புகையோடு திரும்பி வரும்.

கடைசியாக தேசிய நெடுஞ்சாலையில் அமரவிளை வரை ஓட்டி, வேகத்திலேயே சாவியை அணைத்து, கிளட்ச் மிதித்து ஓரம் கட்டி நாலு பிளக்கையும் கழற்றிப் பார்க்கிறேன். பழைய புத்தகங்கள் சொல்லும் காப்பி நிறம் எத்தனால் பெட்ரோலில் வருவதில்லை, இன்னும் வெளுப்பாகத்தான் இருக்கும். அந்த வெளுப்பைப் பார்த்துப் பயந்து நட்டை ஒரு முகம் கூடுதலாக இறக்க வேண்டாம். 1, 2 ஒரு நிறம், 3, 4 வேறு நிறம் என்றால் மட்டும் மறுபடி பானட்டைத் திறக்க வேண்டும்.