கோலிவாடா தாண்டினால் காற்று மாறும்

ஹார்பர் லைனில் வளர்ந்தவர்களுக்குக் கடல் முதலில் மூக்குக்குத்தான் வரும். சுனாபட்டியில் வண்டி ஏறி, கோலிவாடா தாண்டி, வடாலாவை நெருங்கும்போது உப்பள வாடை. சிவ்ரியில் சேறு. ரே ரோட்டில் உடைத்த கப்பல்களின் துருவும் எண்ணெயும். கோலிவாடா நிலையத்துக்குக் குரு தேக் பகதூர் நகர் என்று பெயர் மாறி எவ்வளவோ காலமாயிற்று. எங்கள் வாயில் அது மாறவே இல்லை. டாக்யார்ட் ரோடு நிலையம் உயரத்தில் இருப்பதால் அங்கே வண்டி நின்றதும் எல்லாரும் ஒரு கணம் கிழக்கே திரும்புவோம். மஸகான் டாக்கின் கிரேன்கள், அவற்றுக்குப் பின்னால் ஒரு கீற்றுத் தண்ணீர்.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் என்.சி.சி. கடற்படைப் பிரிவின் வெள்ளைச் சீருடையில் அந்த வண்டியில் போவேன். சீருடையை அம்மா முந்தின இரவே சொட்டு நீலம் போட்டு அலசி, நாங்கள் குடியிருந்த சால் என்னும் ஒற்றையறை வரிசைவீட்டின் வராந்தாக் கொடியில் காயப்போட்டிருப்பாள். பம்பாயில் பாய்மரப் படகு என்றால் அப்போலோ பந்தரில் இருக்கும், 1846இல் தொடங்கிய ராயல் பாம்பே யாட் கிளப்பும், அங்கே வந்து போகும் மனிதர்களும்தான் ஊருக்கு நினைவு வரும். மில்லுக்காரன் பிள்ளைக்கு அந்தக் கதவு கிடையாது. எங்களுக்கு இருந்த கதவு கடற்படை. கொலாபாப் பக்கத்துப் படகுத்துறையில் வாரம் ஒருநாள் எங்கள் கையில் ஒரு சுக்கானைக் கொடுத்தார்கள். அந்த ஒருநாளுக்காக மற்ற ஆறு நாளும் நான் காற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எதை வைத்துப் பார்த்தேன் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். மில் புகையை வைத்து.

அன்றைய பம்பாயில் சிவ்ரி, லால்பாக், பரேல் வட்டாரம் முழுக்கச் சிமினிகள். வண்டி ஜன்னலிலிருந்தும் தெரியும், துறைமுகத் தண்ணீரில் படகில் இருக்கும்போதும் கிடங்குக் கூரைகளுக்கு மேல் தெரியும். மழைக்காலம் முடிந்து குளிர் தொடங்கும் மாதங்களில், காலையில் நிலக்காற்று உரன் பக்கத்திலிருந்து மெல்ல வரும்; புகையெல்லாம் வொர்லியைப் பார்த்துச் சாய்ந்திருக்கும். வெயில் ஏற ஏற அது தளர்ந்து, பதினொரு மணிவாக்கில் புகை நட்டுக்க நிற்கும். தண்ணீரில் அப்போது ஒரு அசைவும் இருக்காது. பாய் துவண்டு தொங்கும். மற்றவர்கள் சலித்துப்போய் உட்கார்ந்திருக்கும் அந்த நேரத்தில் நான் சிமினிகளையே பார்த்துக்கொண்டிருப்பேன். மேற்கே இருக்கும் புகை முதலில் கலையும். பிறகு அடுத்தது. பிறகு எல்லாம் எங்கள் பக்கமாகச் சாயத் தொடங்கும். அரபிக்கடல் காற்று ஊரைக் கடந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். கொஞ்ச நேரத்தில் வடமேற்கிலிருந்து தண்ணீர் கறுத்துக்கொண்டு வரும். அது வரப்போகும் இடத்தில் முன்கூட்டியே போய் நிற்கிறவனுக்குத்தான் அன்றைய பந்தயம்.

இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. ஆனால் பார்க்கும் பழக்கம் அம்மாவைப் பெற்ற தாத்தாவிடமிருந்து வந்தது. தாத்தா தூத்துக்குடித் தோணியில் கொழும்புக்குப் போய்வந்த மனிதர். எஞ்சின் இல்லாத தோணி. பாயும், தோணியை நடத்தும் தண்டலின் கண்ணும்தான். ஒருமுறை பம்பாய் வந்தபோது கேட்வே ஆஃப் இந்தியா படிக்கட்டில் உட்கார்ந்து நான் படகு விடுவதைப் பார்த்தார். கரை ஏறியதும் பாராட்டவில்லை. “ஏல, பாயை ஏம்ல அண்ணாந்து அண்ணாந்து பாக்க? காத்து அங்க வந்து சேர்ந்த பெறவு பாத்து என்ன செய்ய? தண்ணியப் பாரு, மேகத்தப் பாரு. வரமுன்ன பாரு” என்றார். பிறகு வேர்க்கடலை வாங்கிக் கொடுத்தார்.

படகு எண்டர்பிரைஸ். 1956இல் ஜாக் ஹோல்ட் என்ற ஆங்கிலேயர் ஒரு லண்டன் பத்திரிகைக்காக வடிவமைத்தது. பதின்மூன்றேகால் அடி நீளம், பிளைவுட் உடம்பு, இரண்டு ஆள், நீலப் பாய். வீட்டிலேயே சராசரி மனிதன் ஒட்டிச் செய்துகொள்ளலாம் என்ற நினைப்பில் பிறந்த படகு அது. எனக்கு அதில் பெரிய பிரியம். பணக்காரத்தனம் இல்லாத படகு. மழைக்காலத்தில் அரபிக்கடல் யாரையும் உள்ளே விடாது. ஜூன் தொடங்கியதும் படகுகளைக் கவிழ்த்துப் போட்டுவிடுவோம். உப்புத்தாள் தேய்ப்பது, பட்டி பார்ப்பது, வார்னிஷ் அடிப்பது என்று நான்கு மாதம் போகும். ஷெட்டில் அந்த வார்னிஷ் வாசனையும், வெளியே மழையும், யாரோ வாங்கிவந்த கட்டிங் சாயும். அக்டோபரில் முதல் நாள் தண்ணீரில் இறக்கும்போது தான் தேய்த்த படகைத் தானே தொட்டுப் பார்க்காத பையன் கிடையாது.

என் ஜோடி கொலாபா மீனவர் குப்பத்துக் கோலிப் பையன். சுக்கான் பிடிக்கும் ஹெல்ம் நான், துணை நிற்கும் குரூ அவன். எனக்குக் காற்று என்றால் அவனுக்கு நீரோட்டம். பம்பாய்த் துறைமுகத்தில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல் ஐந்து மீட்டர் வரை ஏறி இறங்கும். அவ்வளவு தண்ணீரும் துறைமுக வாய் வழியாகப் போய்வர வேண்டும். காற்று குறைந்த நாளில் பாய் நிரம்பியிருக்க, படகு பின்னால் போய்க்கொண்டிருக்கும். நங்கூரத்தில் நிற்கும் கப்பல்களின் மூக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்று அவன் ஒரு பார்வை பார்ப்பான். “கரையோரத் தண்ணி முதல்ல திரும்பும், நடுத் தண்ணி பெறவுதான்” என்பான், எங்கள் பம்பாய் இந்தியில். ஆய்ஸ்டர் ராக்கை உரசிக்கொண்டு போகச் சொல்வான். நான் மிடில் கிரவுண்ட் தீவுப் பக்கம் வெளியே போய்க் காற்றைப் பிடிக்கலாம் என்பேன். எங்கள் பந்தயம் முழுக்க இந்தச் சண்டைதான்.

பயிற்சி என்று சொன்னால் இன்றைய பிள்ளைகள் ஜிம்மை நினைப்பார்கள். காற்று பலத்தபின் படகு சாயாமலிருக்க, கால்களைப் பட்டைக்குள் மாட்டிக்கொண்டு உடம்பு முழுவதையும் தண்ணீருக்கு மேல் வெளியே நீட்டிக் கிடக்க வேண்டும். ஹைக்கிங். தொடையும் அடிவயிறும் எரியும், பிறகு நடுங்கும், அப்போதும் இழுத்த கயிற்றை விடக்கூடாது. அதற்கு நான் சாலில் எங்கள் ஒற்றை அறையின் இரும்புக் கட்டிலடியில் பாதங்களைச் செருகி, பெஞ்சில் உட்கார்ந்து பின்னால் சாய்வேன். இரண்டடி தள்ளி அம்மா ஸ்டவ்வில் குழம்பு வைத்துக்கொண்டிருப்பாள். அப்பா மூன்றாவது ஷிப்ட் முடித்துக் கட்டிலில் தூங்குவார்; என் இழுப்பில் கட்டில் நகரும், அவர் எழமாட்டார். எழுந்துவிட்டாலும் எதுவும் சொன்னதில்லை.

அம்மாவுக்குப் புரியாமலே போனது மதிப்பெண் கணக்கு. அன்றைய ஒலிம்பிக் முறையில் முதலிடத்துக்குப் பூஜ்யம், இரண்டுக்கு 3, மூன்றுக்கு 5.7, நான்குக்கு 8. ஏழு பந்தயம், மோசமான ஒன்றைக் கழித்துவிடலாம், கூட்டுத்தொகை யாருக்குக் குறைவோ அவர் வென்றார். “முதல்ல வாறவனுக்கு முட்டையாலே? இது என்ன ஊர்க் கணக்கு?” என்பாள். ஆனாலும் ஞாயிறு மாலை வாசலில் நின்று, “இன்னைக்கு எத்தனை முட்ட?” என்று கேட்பாள்.

1982 ஜனவரி 18இல் மில் வேலைநிறுத்தம் தொடங்கியது. தத்தா சாமந்த் தலைமையில் சுமார் இரண்டரை லட்சம் தொழிலாளர்கள். அப்பா வேலை பார்த்த பரேல் மில்லும் அதில் ஒன்று. ஒரு மாதத்தில் முடியும் என்றார்கள், பிறகு தீபாவளிக்குள் என்றார்கள். சாலில் ஒவ்வொரு வீடாக ஊருக்கு மூட்டை கட்டியது. திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பங்கள் வி.டி.யில் ரயில் ஏறியபோது வழியனுப்பப் போவதே எங்கள் வேலையாக இருந்தது. அம்மாவின் சங்கிலி மார்வாடிக் கடைக்குப் போனது.

அதே ஆண்டு நவம்பரில் ஆசிய விளையாட்டு. தில்லிதான் நடத்தியது என்றாலும் பாய்மரப் போட்டிகள் எங்கள் துறைமுகத்தில். ஊரே மற்றொரு கவலையில் கிடந்தபோது உலகம் எங்கள் வாசலுக்கு வந்தது. நான் பந்தய மிதவைகளைக் கவனிக்கும் படகொன்றில் கூடமாட நிற்கும் பையன். எண்டர்பிரைஸ் வகையில் ஃபரோக் தாராபூரும் ஜரீர் கராஞ்சியாவும் தங்கம் வென்றார்கள். அந்த ஜோடி மிதவையைச் சுற்றியபோது ஒருவர்க்கொருவர் பேசிக்கொள்ளவே இல்லை. நாங்கள் பந்தயம் முழுக்கச் சண்டை போடுவோம். அவர்கள் ஒரு வார்த்தை இல்லாமல் ஒரே நேரத்தில் மறுபக்கம் தாவினார்கள். தாராபூர் பின்னர் 1984, 1988, 1992 என்று மூன்று ஒலிம்பிக் போனார். நான் அருகிலிருந்து பார்த்த முதல் சர்வதேச வீரர் அவர்தான்.

அந்த நாட்களில்தான் எனக்கு ஒன்று உறைத்தது. நிலக்காற்று தளர்ந்து தண்ணீர் எண்ணெய் ஊற்றினாற்போல் கிடந்த ஒரு முற்பகலில், பழக்கத்தில் மேற்கே திரும்பினேன். சிமினிகள் வரிசையாக நின்றன. ஒன்றில்கூடப் புகை இல்லை. பின்னால் இருந்த வானம் அவ்வளவு சுத்தமாக இருந்ததை நான் பார்த்ததில்லை. எங்கள் சம்பளத்தை எழுதியதும், காற்றை எழுதியதும் ஒரே புகை.

வேலைநிறுத்தத்தை யாரும் முடித்துவைக்கவில்லை, அது கரைந்துபோயிற்று. அப்பா மில்லுக்குத் திரும்பவே இல்லை. நான் கடற்படையில் சேர்ந்தேன், சம்பளத்துக்காக. அங்கே பாய்மரப் படகும் கூடக் கிடைத்தது என் பாக்கியம். சில வருஷம் கழித்து தென்கிழக்காசியத் துறைமுகம் ஒன்றுக்குப் போட்டிக்கு அனுப்பினார்கள். படகுகளைக் குலுக்கல் போட்டுக் கொடுத்தார்கள். எங்கள் பாயை மட்டும் சுருட்டிச் சுமந்து போனோம். மற்ற அணிகளின் பயிற்சியாளர்கள் விடியற்காலையிலேயே ரப்பர் படகில் போய்க் காற்றின் திசையைக் கடிகாரம் பார்த்துக் குறித்துக்கொண்டு வந்தார்கள். எனக்கு அந்தக் கரையில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. பனைபோல் ஏதோ மரங்கள், வெள்ளை மணல், தெளிந்த தண்ணீர். அப்போதெல்லாம் தொடக்கத்துக்குப் பத்து நிமிடம் முன்பு முதல் அறிவிப்புக் குண்டு, ஐந்தில் இரண்டாவது. அந்தப் பத்து நிமிடமும் தாத்தா சொன்னதைத்தான் செய்தேன்: மேகத்தின் அடிவயிற்றையும் தண்ணீரின் நிறத்தையும் பார்த்தேன். ஒரு பந்தயத்தில் மூன்றாவதாக வந்தோம். “5.7” என்று மட்டும் பெரிதாக எழுதி வீட்டுக்குக் கடிதம் போட்டேன். அம்மா அதைச் சுனாபட்டியில் மிச்சமிருந்த எல்லா வீட்டுக்கும் காட்டியிருக்கிறாள்.

இப்போது எங்கள் நிலையத்தருகே இருந்த ஸ்வதேசி மில்லும் இல்லை. ஜாம்செட்ஜி டாட்டா 1886இல் வாங்கியது, 2000இல் மூடிற்று. லோயர் பரேலில் ஃபீனிக்ஸ் மில் மால் ஆகிவிட்டது, அதன் சிமினியை மட்டும் அழகுக்கு நிறுத்தியிருக்கிறார்கள். 1989இல் எதிர்க்கரையில் நவா ஷேவா துறைமுகம் வந்தபின் கண்டெய்னர் கப்பல்கள் பெருகின. 2008 நவம்பரில் தாக்குதல் நடத்த வந்த பத்துப் பேர் ரப்பர் படகில் மீனவர் குப்பத்தில் இறங்கியபின், சின்னப் படகு என்றாலே சந்தேகத்தோடு பார்க்கும் காலம் வந்தது. சிவ்ரியிலிருந்து 21.8 கிலோமீட்டருக்கு அடல் சேது. நல்ல பாலம்தான். அதன்மேல் காரில் போகும்போது என் கண் கீழே தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்றே தேடுகிறது.

விளையாட்டு சாகவில்லை, எனக்கு அதில் மெய்யான சந்தோஷம். 2021 ஏப்ரலில் ஓமானின் முசன்னாவில் நேத்ரா குமணன் ஒலிம்பிக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பாய்மரப் பெண்ணானபோது, சென்னைப் பெண் என்று தெரிந்து கண் நிறைந்துவிட்டது. அவரோடு விஷ்ணு சரவணன், கணபதி, வருண் தக்கர் என்று அந்த முறை டோக்கியோ போன நால்வருக்கும் தமிழ்நாட்டுத் தொடர்பு. விஷ்ணு ராணுவத்தின் மும்பைப் பயிற்சி மையத்தில் இதே தண்ணீரில் தேறியவர். பாரிஸ் ஒலிம்பிக்கில் 18ஆவது. நேத்ரா 21ஆவது. அவர் வருஷத்தில் பல மாதம் ஸ்பெயினின் கிரான் கனாரியாவில் தங்கிப் பழகினார். அப்படிப் பழகினால்தான் இன்று முடியும். உலகமே அங்கே இருக்கிறது. ஊரைவிட்டு அத்தனை மாதம் இருப்பது என்ன பாடு என்று எனக்குக் கொஞ்சம் தெரியும். ஆனால், ஒரு மில்லுக்காரன் பிள்ளை லோக்கல் வண்டி ஜன்னலிலிருந்தே காற்றைக் கற்றுக்கொண்டு, இரும்புக் கட்டிலில் தொடையைப் பழக்கி, ஒரு போட்டிவரை போய்விடலாம் என்றிருந்த வழி அடைந்துவிட்டது. அந்த வழி எனக்கு வேண்டும். எத்தனை பதக்கம் வந்தாலும் அந்த வழிக்கு ஈடில்லை என்றே நினைக்கிறேன்.

என் ஜோடி இப்போது செம்பூரில் இருக்கிறான். மகன் வீடு, பன்னிரண்டாவது மாடி. சாயந்தரம் போன் வரும். குசலம் விசாரித்து முடிப்பதற்குள், நாங்கள் சேர்ந்து ஓட்டித் தோற்ற கடைசிப் பந்தயத்துக்கு வந்துவிடுவான்.

“ஆய்ஸ்டர் ராக் பக்கம் போயிருந்தா ஜெயிச்சிருப்போம்டா. தண்ணி திரும்பிடுச்சு, நான் கப்பலைப் பார்த்தேன்.”

“காத்து வெளிய இருந்துச்சுடா. நான் புகையைப் பார்த்தேன்.”

“புகையாவது கிகையாவது. ஞாயித்துக்கிழமை வா. அந்த வருஷத்து டைட் டேபிள் எங்க அப்பா பெட்டியில இருக்கு, எடுத்து வைக்கிறேன்.”

எடுத்து வைக்கட்டும். காற்று வடமேற்குக்கு நன்றாகத் திரும்பியிருந்தது என்பதை நான் விட்டுக்கொடுக்கப் போவதில்லை.