துப்பாக்கிக் கட்டை

வான்சிறப்பு அதிகாரத்தில் 'துப்பாக்கி' என்னும் சொல்லைக் கண்டு நகைக்காத மாணவர் இலர். அங்கே அதற்கு 'உணவாக்கி' என்பது பொருள். நான் எழுதப் புகுந்தது துருக்கிய மொழிவழி வந்த மற்றைய துப்பாக்கியைப் பற்றி; அதிலும் இரும்பைப் பற்றியன்று, மரத்தைப் பற்றி.

பயிர்க்காவலுக்கென உரிமம் பெற்ற இரட்டைக் குழல் துப்பாக்கி ஒன்று எங்கள் வீட்டில் இருந்தது. பாட்டனார் நெடிய உருவினர். அவர் தோளில் அது இயல்பாக அமர்ந்தது. சிறிய தந்தையாரோ குட்டையானவர். கழுத்தும் கையும் குறுகியவை. அவர் சுட்டால் குறி தப்பும். "இவனுக்குக் கண்ணு போதாது" என்பது பாட்டனாரின் தீர்ப்பு. வீட்டார் அதனை ஏற்றுக்கொண்டனர். அவரும் ஏற்றுக்கொண்டாரே என்பதுதான் என் வருத்தம். கண் மருத்துவரிடம்கூடச் சென்று வந்தார், குறையேதுமில்லை.

ரைபிளுக்கு முன்குறி, பின்குறி என இரண்டு உண்டு. ரவை சிதறும் இவ்வகைத் துப்பாக்கிக்கோ பெரும்பாலும் குழல் முனையில் சிறு மணி ஒன்றே. பின்குறியின் வேலையைச் சுடுபவரின் கண்ணே செய்கின்றது. அக்கண் எங்கே நிற்பது என்பதைக் கன்னம் பதியும் கட்டையின் மேல்விளிம்பு முடிவு செய்கின்றது. விளிம்பு தாழ்ந்தால் கண் தாழும். ரவை குறிக்குக் கீழே போகும். உயர்ந்தால் மேலே போகும். கண்ணுக்கும் குழல் முனைக்கும் இடையே ஏறத்தாழ ஒரு கஜம் எனக் கொண்டால், 40 கஜத் தொலைவில் பிழை 40 மடங்காகும். கன்னத்தருகே அரைக்கால் அங்குலம் மாறினால் அங்கே 5 அங்குலம்! மேலெழும் களிமண் தட்டைச் சுடும் 'டிராப்' போட்டியில் விளிம்பை வேண்டுமென்றே உயர்த்தி வைப்பர். 1962-இல் கெய்ரோ உலகப் போட்டியில் பிக்கானீர் மன்னர் கர்ணி சிங் வெள்ளி வென்றது இப்பிரிவிலேதான்.

விசையிலிருந்து கட்டையின் அடிவரையுள்ள நீளம் பொதுவாக 14 முதல் 14½ அங்குலம். யாரோ ஒரு 'சராசரி' மனிதருக்கான அளவு அது! குறுங்கையர்க்கு அது மிகுந்தால், தூக்கும்போது அக்குள் துணியில் சிக்கும். நெடுங்கையர்க்குக் குறைந்தால், உதைப்பில் கட்டைவிரல் மூக்கில் இடிக்கும். இங்கிலாந்தின் கைவினைஞர்கள், திருகாணிகளால் நீட்டவும் உயர்த்தவும் பக்கவாட்டில் வளைக்கவும் கூடிய மாதிரித் துப்பாக்கியைத் தோளில் வைத்து, சட்டைக்கு அளவெடுப்பதுபோல் அளவெடுப்பர்.

இவையெல்லாம் எங்கள் வீட்டில் யாருக்குத் தெரியும்? பாட்டனார் மறைந்த பின்னும் ரம்பம் பட ஒருவரும் உடன்படவில்லை. "அத்தா பிடித்த கட்டை" என்பர். பல்லாண்டு கழித்துச் சிறிய தந்தையாரே தச்சரிடம் கொடுத்து ஓர் அங்குலம் குறைத்தார். விளிம்பையும் சற்றே இழைத்துச் சீராக்கினார். தோப்பில் நிறுத்திய தகரத்தில் முதல் தோட்டாவே பட்டது. அப்போது அவருக்கு வயது ஐம்பதைக் கடந்திருந்தது.

அறுத்த துண்டைப் பாட்டியார் கேட்டு வாங்கித் தம் வெற்றிலைப் பெட்டியில் வைத்துக்கொண்டார்.