வண்டி வராத வழிகள்: ஆல்ப்ஸ் குறிப்புகள்

டார்விசியோ. இத்தாலியின் வடகிழக்கு மூலை. ஆஸ்திரியா கூப்பிடு தூரத்தில்.

பழைய ரயில் நிலையம். தண்டவாளம் கிடையாது. அது கிடந்த இடத்தில் தார் போட்ட சைக்கிள் பாதை.

சால்ஸ்பர்க்கில் கிளம்பி, மலைகளைத் தாண்டி, அட்ரியாட்டிக் கடலோரம் கிராடோவில் முடிகிற வழி. ஆல்பே ஆட்ரியா என்று பெயர். 400 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல்.

ஊரைத் தாண்டிக் கம்போரோஸோ வரை லேசான ஏற்றம். உயரம் 800 மீட்டர் சொச்சம்தான். ஏறுவதே தெரியவில்லை. ஆனால் இந்த மேட்டில் பெய்கிற மழை இங்கேயே இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. ஒரு பக்கத்துத் தண்ணீர் கருங்கடலுக்கு. மறுபக்கத்துத் தண்ணீர் அட்ரியாட்டிக்குக்கு.

மேட்டில் பலகை எதுவும் என் கண்ணில் படவில்லை.

அப்புறம் இறக்கம்.

ரயிலுக்குச் சரிவு ஆகாது. நூறு மீட்டர் போவதற்குள் இரண்டு, இரண்டரை மீட்டர் ஏறினாலே நீராவி எஞ்சினுக்கு மூச்சு முட்டும். அதனால் மலையைச் சுற்றினார்கள், குடைந்தார்கள், பாலம் போட்டார்கள். உதினேயிலிருந்து பொந்தெப்பா வரை ரயில் வந்தது 1879இல்.

முழங்காலுக்கு இதைவிட இதமான சரிவு கிடைக்காது. பின்னால் இரண்டு பைகள், கூடாரம், அடுப்பு எல்லாம் தொங்கினாலும்.

ஃபெல்லா ஆறு. அகலமான வெள்ளைக் கூழாங்கல் படுகை. நடுவில் ஒரு கீற்றுப் பச்சைத் தண்ணீர்.

பள்ளத்தாக்கு குறுகல். அதற்குள் ஐந்து கோடுகள். ஒன்று ஆறு. அதை ஒட்டிப் பழைய நெடுஞ்சாலை. தலைக்கு மேலே தூண்களில் விரைவுச்சாலை. மலைக்குள்ளே, கண்ணுக்குத் தெரியாமல், புதிய ரயில். ஐந்தாவது நான் போகிற இது.

2000ஆம் ஆண்டுவாக்கில் ரயில் பெரும்பாலும் புதிய சுரங்கங்களுக்குள் போய்விட்டது. வெளியில் விட்டுப்போன தடம்தான் இது.

லாரிச் சத்தம் மேலேயிருந்து விழுகிறது. லாரியைக் காணோம்.

சுரங்கங்கள். ஒன்று முடிந்து மூச்சு விடுவதற்குள் அடுத்தது. உள்ளே போனால் விளக்கு எனக்கு முன்னால் ஒவ்வொன்றாக எரிகிறது. நின்றுவிட்டால், கொஞ்ச நேரத்தில் இருட்டு. கையை ஆட்டினால் மறுபடி வெளிச்சம்.

வெளியே ஆகஸ்ட் வெயில். உள்ளே நடுக்கம். மேல்சட்டையைப் பைக்குள் வைக்காமல் ஹேண்டில்பாரிலேயே கட்டி வைத்துக்கொள்வது நல்லது.

சுவரில் ரயில்காரர்கள் ஒதுங்கி நிற்க வெட்டிய மாடங்கள் அப்படியே இருக்கின்றன. ஆள் நிற்கும் உயரம். கல்லில் பழைய கரி. விரலால் தொட்டால் இன்னும் ஒட்டுகிறது.

இரும்புப் பாலம். ஆற்றுக்கு மேலே வெகு உயரத்தில். ஒரு தாத்தா நடுப்பாலத்தில் நின்று பேரனுக்குக் கீழே எதையோ காட்டுகிறார். பேரன் ஆணிகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். கொட்டைப்பாக்கு அளவு தலை வைத்த ஆணிகள், வரிசை வரிசையாக.

பேரன் பார்த்ததைத்தான் நானும் பார்த்தேன்.

பொந்தெப்பா. ஊருக்குள் ஒரு சின்ன ஓடை. 1918 வரை இந்த ஓடைதான் எல்லை. இந்தக் கரை இத்தாலி, அந்தக் கரை ஆஸ்திரியா. பாலத்தைக் கடக்கச் சில நொடிகள் போதும்.

கியூசாஃபோர்த்தே. ரயில் நிலையமே காபிக் கடை. பிளாட்பாரத்தில் மேசைகள். சைக்கிள்கள் சாய்த்து வைத்திருக்கும் இடத்தில் முன்பு ரயில் நின்றிருக்கும். கல்லாவில் இருந்த அம்மாள் கேட்காமலேயே என் தண்ணீர் பாட்டிலை வாங்கி நிரப்பிக் கொடுத்தார்.

“கடல் வரைக்கும் போறீங்களா?”

“ஆமாம்மா.”

“இன்னும் இறக்கம்தான்,” என்றார். அதைச் சொல்வதில் அவருக்கு ஒரு சந்தோஷம்.

வென்ஸோனே. மதில் சூழ்ந்த ஊர். 1976 மே 6 இரவு நிலநடுக்கம். செப்டம்பரில் மறுபடியும். மிஞ்சியிருந்த பேராலயமும் அப்போது விழுந்தது. கற்களைப் பொறுக்கி, எது எங்கே இருந்தது என்று பழைய படங்களை வைத்துக் கண்டுபிடித்து, எண் போட்டு, திரும்ப அடுக்கினார்கள். புதுக் கல் சேர்த்த இடத்தில் நிறம் வேறு. மறைக்கவில்லை.

சுவருக்கு அருகே போய்ப் பார்த்தால்தான் தெரியும். எல்லாரும் கடைக்குப் போகிறார்கள்.

இதே வழியில் வடக்கே ஓர் இடத்தில் சைக்கிளில் போகவே முடியாது. பாட்காஸ்டைன் பக்கம், பியோக்ஸ்டைனிலிருந்து மால்னிட்ஸ் வரை. நடுவில் டவர்ன் மலைத்தொடர். 1909இல் திறந்த ரயில் சுரங்கம், எட்டரை கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. சைக்கிளை ரயிலில் ஏற்ற வேண்டும். அதே ரயிலில் கார்களும் ஏறுகின்றன, ஓட்டுநரை இறக்கிவிட்டு.

பத்துப் பதினோரு நிமிடம் எல்லாரும் சமம்.

*

டோப்ளாக். இத்தாலியர்கள் டோப்பியாக்கோ என்கிறார்கள். பலகையில் இரண்டும் உண்டு. முதல் உலகப் போருக்கு முன் ஆஸ்திரியா, பிறகு இத்தாலி.

1,200 மீட்டரில் ஒரு புல்வெளி. பார்த்தால் சமதளம். மறுபடியும் தண்ணீர் பிரியும் இடம். ரியென்ட்ஸ் ஆறு மேற்கே போய் அட்ரியாட்டிக்கில் சேரும். டிராவ் கிழக்கே போய் டான்யூபில் விழுந்து கருங்கடல் சேரும். டிராவ் ஊறும் இடம் பாதைக்குப் பக்கத்திலேயே. கணுக்கால் நனையும் அளவுக்குத் தண்ணீர். இன்னும் நான்கு நாடுகளைப் பார்க்கப்போகும் ஆறு.

இங்கிருந்து லீன்ட்ஸ் வரை கிட்டத்தட்ட 45 கிலோமீட்டர். ஆற்றோடு சேர்ந்து இறக்கம். குடும்பம் குடும்பமாகப் போகிறார்கள். சைக்கிள் பழக்கமே இல்லாதவர்களும். கீழே போனதும் ரயிலில் சைக்கிளை ஏற்றித் திரும்பிவிடுகிறார்கள்.

வழியில் ஹைன்ஃபெல்ஸில் லோக்கர் வேஃபர் தொழிற்சாலை. சென்னையில் சூப்பர் மார்க்கெட் அலமாரியில் இருக்குமே, அதே. வாசலில் நூற்றுக்கணக்கில் சைக்கிள். காற்றில் ஹேசல் பருப்பு வறுக்கிற மணம். மணம் முதலில் வருகிறது, கட்டடம் பிறகு.

இசையமைப்பாளர் குஸ்தாவ் மாலர் 1908, 1909, 1910 கோடைகளில் டோப்ளாக்கை ஒட்டிய பண்ணை வீட்டில் தங்கினார். காட்டோரம் மரத்தால் ஒரு குடிசை. ஒன்பதாவது சிம்பொனி அங்கே எழுதப்பட்டது. குடிசை இன்னும் இருக்கிறது, மிகச் சிறியது. மேசை ஒன்று போட்டால் நடக்க இடமில்லை.

மாலரும் சைக்கிள் ஓட்டியவர்தான்.

*

டோப்ளாக்கிலிருந்து தெற்கே கொர்த்தீனா. இதுவும் பழைய ரயில் தடம். குறுகிய பாதை, தண்டவாள இடைவெளி 950 மில்லிமீட்டர். போர்க்காலத்தில் வடக்கிலிருந்து ஆஸ்திரியர்கள் போட்டார்கள், தெற்கிலிருந்து இத்தாலியர்கள் போட்டார்கள். இரண்டுமே தங்கள் படைக்குச் சாமான் கொண்டுபோக. போர் முடிந்தது. 1921இல் இரண்டையும் சேர்த்து முழு ரயில் ஓடியது.

1956 குளிர்கால ஒலிம்பிக்குக்கு ஆட்களை ஏற்றிப் போயிருக்கிறது. 1964இல் முழுவதும் நின்றது. 2026இல் ஒலிம்பிக் கொர்த்தீனாவுக்குத் திரும்பி வந்தபோது ரயில் இல்லை.

சரளைத் தடம். சக்கரம் நறநறக்கும் சத்தம் தவிர வேறொன்றும் இல்லை.

டோப்ளாக்கைத் தாண்டிப் பைன் மரங்களுக்குள் கல்லறை. ஆஸ்திரிய ஹங்கேரியப் படை வீரர்கள். ஒரே மாதிரி மரச் சிலுவைகள். பாதையிலிருந்து தெரியும், ஆனால் வேகமாகப் போனால் தெரியாது.

லாண்ட்ரோவில் மரங்கள் விலகுகின்றன. பக்கவாட்டுப் பள்ளத்தாக்கின் முனையில் மூன்று சிகரங்கள். எல்லாரும் அங்கே இறங்கிப் படம் எடுக்கிறார்கள். நானும்.

சீமாபாங்கே, 1,530 மீட்டர். தடத்தின் உச்சி. பக்கத்தில் புல் முளைத்த கான்கிரீட். பதுங்கு அறைகள். முசோலினி காலத்தில் ஹிட்லரின் ஜெர்மனியை நம்பாமல் எல்லை நெடுக எழுப்பிய அரண். பனிப்போரில் சோவியத் படை வருமென்று அதே அறைகளில் சிலவற்றைத் தயார் நிலையில் வைத்திருந்தார்கள்.

துப்பாக்கித் துளைக்குள் எட்டிப் பார்த்தேன். பறவைக் கூடு.

குளிர்காலத்தில் இதே தடம் பனிச்சறுக்குப் பாதை.

*

காற்று பற்றி. வெயில் ஏற ஏறச் சரிவுகள் சூடாகும், பள்ளத்தாக்கின் காற்று மேல்நோக்கி இழுபடும். பிற்பகலில் இறங்குகிறவனுக்கு எதிர்காற்று. இறக்கத்தில்கூட மிதிக்க வேண்டி வரும். காலையிலேயே இறங்கிவிட வேண்டும். உள்ளூர்க்காரர்கள் மத்தியானம் ஏறுகிறார்கள்.

தண்ணீர்த் தொட்டிகள். மரத்தைக் குடைந்தவை. குடிக்கலாமா கூடாதா என்று எழுதியிருக்கும். எழுதாத இடத்தில் மாடு எங்கே நிற்கிறது என்று பார்.

மாட்டைக் கண்டால் இறங்கு. மணி அடிக்காதே. அதன் கழுத்து மணி பெரியது.

*

ரெஷன் கணவாய், சுமார் 1,500 மீட்டர். ஏரிக்குள் ஒரு மணிக்கூண்டு நிற்கிறது. 14ஆம் நூற்றாண்டுக் கட்டடம். 1950இல் மின்சாரத்துக்காகத் தண்ணீரைத் தேக்கினார்கள். கிராவுன் ஊரும் சுற்றுவட்டமுமாக 163 வீடுகள் போயின. 500 ஹெக்டேருக்கு மேல் விளைநிலம் போயிற்று. கோபுரத்தை மட்டும் விட்டுவைத்தார்கள்.

நெடுஞ்சாலை ஏரியின் கோபுரக் கரையில். வண்டிகள், பேருந்துகள், பார்க்கிங். சைக்கிள் வழி எதிர்க்கரையில். அங்கிருந்து கோபுரம் சிறிதாகத் தெரிகிறது. அந்தச் சிறிதில்தான் ஏரி எவ்வளவு பெரியது என்று தெரிகிறது.

சைக்கிள் வழிக்கு வியா கிளாடியா அவுகுஸ்தா என்று பெயர். ரோமானியர் சாலை. கி.மு. 15இல் தளபதி துரூசஸ் படையோடு வந்த வழி. மகன் கிளாடியஸ் பேரரசனாகி கி.பி. 46-47இல் சாலையாக முடித்தான். மெரானுக்கு அருகே ராப்லாண்டில் அவன் பெயர் பொறித்த மைல்கல் கிடைத்திருக்கிறது.

ரோமானியர் ரயில்காரர்களைப் போல இல்லை. நேராக ஏறினார்கள். சில இடங்களில் சைக்கிளைத் தள்ளத்தான் வேண்டும்.

கீழே ஃபின்ஷ்கௌ பள்ளத்தாக்கு. ஆப்பிள் தோட்டம், ஆப்பிள் தோட்டம், ஆப்பிள் தோட்டம். வரிசைக்கு மேலே தண்ணீர்த் தெளிப்பான்கள். வசந்தத்தில் பூத்த பிறகு இரவில் உறைபனி வந்தால் பூவின் மேல் விடாமல் தண்ணீர் தெளிக்கிறார்கள். தண்ணீர் உறையும்போது வெளிவிடும் சூடு பூவைக் காப்பாற்றுகிறது. பனிக்கட்டிக்குள் பூ உயிரோடு.

மெரானுக்கும் மால்ஸுக்கும் நடுவே ரயில் 1990இல் நின்றது. இங்கே தடத்தைப் பெயர்க்கவில்லை. 2005இல் மறுபடி ஓடவிட்டார்கள். மால்ஸில் சைக்கிளை வாடகைக்கு எடுத்து, இறங்கி, மெரானில் திருப்பிக் கொடுக்கலாம். ரயில் செத்த இடத்திலும் சைக்கிள். பிழைத்த இடத்திலும் சைக்கிள்.

*

ஸ்டெல்வியோ கணவாய், 2,757 மீட்டர். புராட் பக்கம் 48 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் எண் பொறித்த கல். கீழே 48, மேலே போகப் போகக் குறையும். 1825இல் திறந்த சாலை. பொறியாளர் கார்லோ தொனெகானி.

கோடையில் மோட்டார் சைக்கிள்களின் இரைச்சல். ஆனால் ஆண்டுக்கு ஒரு நாள், ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பர் தொடக்கத்திலோ, எந்த வண்டியும் விடுவதில்லை. ஆயிரக்கணக்கில் சைக்கிள்கள் ஏறுகின்றன. அன்றைக்கு அந்த மலையில் மனிதர்கள் மூச்சு வாங்குவது கேட்கும். பேச்சும் கேட்கும். முப்பதாவது வளைவுக்கு மேல் பேச்சு இல்லை.

சுவிட்சர்லாந்தில் இன்னொரு கணக்கு. மைரிங்கனிலிருந்து கிரின்டல்வால்டுக்குப் போகும் குரோசே ஷைடெக் கணவாயில் தனியார் வண்டிக்கு அனுமதி இல்லை. மஞ்சள் தபால் பேருந்து மட்டும். திருப்பத்துக்கு முன்னால் மூன்று சுரத்தில் ஹார்ன் ஊதும். ரோஸினியின் வில்லியம் டெல் ஓபராவிலிருந்து எடுத்தது. கேட்டதும் சைக்கிளோடு புல்லில் ஒதுங்கி நிற்கிறேன். ஓட்டுநர் கை காட்டுகிறார்.

கோட்ஹார்ட் கணவாய்க்கு அடியில் 1980இல் சாலைச் சுரங்கம் திறந்தார்கள், கிட்டத்தட்ட 17 கிலோமீட்டர். வண்டிகள் அதற்குள் போய்விட்டன. மேலே திரெமோலா சாலை, பாவு கற்கள், 24 வளைவுகள். யாரும் மூடவில்லை, தடை செய்யவில்லை. காலியாகிவிட்டது.

கல்லின் அதிர்வு மணிக்கட்டில் ராத்திரி வரை இருந்தது.

*

பிரென்னர் கணவாய், 1,374 மீட்டர். ஆண்டுக்கு இருபது லட்சத்துக்கு மேல் லாரிகள். அதற்குப் பக்கத்திலேயே அமைதியான சைக்கிள் தடம், கோஸன்ஸாஸ் பக்கமாக இறங்குகிறது. பழைய ரயில் போன வழி. 1999இல் ரயிலைப் புதுச் சுரங்கத்துக்குள் மாற்றிய பிறகு மிஞ்சியது.

கிராமத்துக்காரர்கள் ஜன்னலைத் திறப்பதில்லை. சத்தம், புகை. சைக்கிளில் போகிற எனக்கு அரை நாள். அவர்களுக்கு எல்லா நாளும்.

இப்போது அடியில் இன்னொன்று குடைகிறார்கள். இன்ஸ்ப்ருக்கிலிருந்து ஃபிரான்ட்சென்ஸ்ஃபெஸ்டே வரை 55 கிலோமீட்டர். லாரிச் சரக்கை ரயிலில் ஏற்றி மலைக்கு அடியில் அனுப்பத்தான்.

அப்புறம் மேலே 1867இல் போட்ட ரயில் என்ன ஆகும்? உள்ளூர் வண்டிகள் அதில்தான் ஓடும் என்கிறார்கள். ஓடட்டும். அந்தத் தடம் சைக்கிளுக்கு வேண்டாம். சைக்கிளை மேலே ஏற்றிக்கொண்டு வர அந்த ரயில்தான் வேண்டும்.